வெறுங்கால் பிரிவு

எங்கள் ஆழிநாட்டின் சிறப்புப் படைத் தலைமையகத்துக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். வெளியே வரும்போது எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொள்ள வேண்டும். எதை மாட்டிக்கொள்கிறோமோ அதுதான் பதவி.

பூட்ஸ் கிடைத்தவர் தளபதி. கான்வாஸ் கிடைத்தவர் வான் பிரிவு. ரப்பர் செருப்பு என்றால் நீர்ப் பிரிவு. தோல் செருப்பு என்றால் மலைப் பிரிவு. தான் கழற்றிய செருப்பே திரும்பக் கிடைத்தவர் வீட்டுக்குப் போகலாம். ஒன்றுமே கிடைக்காதவர் வெறுங்கால் பிரிவு. எந்தச் சண்டையிலும் வெறுங்கால் பிரிவுதான் முதலில் போகும். போனவர்கள் திரும்பி வந்து செருப்புத் தேடியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்வளவு எளிமையான படை அமைப்பு உலகில் வேறெங்கும் கிடையாது என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. நானும் அதை மேடையில் ஒப்பித்து ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியவன்தான்.

என் தம்பி நம்பி ஏசி மெக்கானிக். தலைமையகத்தில் ஏசி ஓடவில்லை என்று போன வாரம் கூப்பிட்டார்கள். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இன்னும் வரவில்லை. அவன் மனைவி குயிலிக்கு நிறைமாதம். இன்று காலை அவள் என் வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அவரு ரப்பர் செருப்புதான் போட்டுட்டுப் போனாரு.”

“அதை யாராவது எடுத்திருப்பாங்கம்மா.”

“அதான் மாமா பயமா இருக்கு. எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க.”

எனக்கும் பயம்தான். நான் தைரியசாலி இல்லை. பல்லி கீழே விழுந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள். ஆனால் எங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. தேய்ந்துபோன தோல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தலைமையகம் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் செருப்புகள் கல்யாண மண்டபத்தில் கிடப்பதுபோல் கிடந்தன. உள்ளே மேளச் சத்தம்தான் இல்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். கூட்டமான கோயிலுக்குப் போனால் எல்லோரும் செய்வதுதான். ஒரு செருப்பை இந்தத் தூணுக்கு அடியில் விட்டேன். இன்னொன்றை அந்தத் தூணுக்குப் பின்னால் விட்டேன். ஒற்றைச் செருப்பை யார் எடுப்பார்கள்? திரும்பி வந்து இரண்டையும் மாட்டிக்கொண்டு தம்பியோடு வீட்டுக்குப் போய்விடலாம். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

வாசலில் ஹவில்தார் சௌந்தரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் கொக்கி வைத்த நீளக் கம்பு. இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையைச் சுற்றியிருந்தார். அவர் காலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் தளபதிகளும் அவருக்குப் பயப்படுவார்கள்.

“யாரு வேணும்?” என்றார்.

“என் தம்பிங்க. ஏசி ரிப்பேர் பண்ண வந்தான்.”

“ஏசி சரியாயிடுச்சு.”

“அவன்?”

“அவரும் சரியாயிட்டாரு. மாடிக்குப் போங்க.”

மாடியில் நடைபாதை நான் நடக்க நடக்க நீண்டது. அது வழக்கம்தான். பயந்தவர்களுக்கு நீளும் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். பயமில்லாதவன்போல் கையை வீசி நடந்தேன். நடைபாதை கொஞ்சம் குறைந்தது. பிறகு கண்டுபிடித்துவிட்டது. முன்பைவிட நீளமாகிவிட்டது.

இரண்டு பக்கமும் பிரிவுகள் இருந்தன. நீர்ப் பிரிவு முழங்கால் தண்ணீரில் சுவரைப் பார்த்து நின்றது. வான் பிரிவு பீரோக்களின் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருந்தது. மலைப் பிரிவில் ஒருவர் தோள்மேல் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். மேலே இருந்தவரின் தலை கூரைக்குள் போயிருந்தது. நான் கடக்கும்போது எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கால் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நம்பியின் அறை கடைசியில் இருந்தது. ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பல் கிடுகிடுத்தது. அவன் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மேசைக்கு அடியில் கறுப்பு பூட்ஸ் தெரிந்தது. தம்பி தளபதியாகிவிட்டான்.

“நம்பி,” என்றேன்.

“சொல்லுங்க.”

என் தம்பி என்னை ஒருநாளும் மரியாதை போட்டுக் கூப்பிட்டதில்லை.

“என்னைத் தெரியலையாடா?”

“தெரியுது. நீங்க எங்கண்ணன்.”

“குயிலிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வாடா போகலாம்.”

“அதுவும் தெரியுது.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. தெரியுது. அவ்வளவுதான்.”

அவன் மறந்திருந்தால் நினைவுபடுத்தியிருப்பேன். அழுது காட்டியிருப்பேன். அவனுக்கு எல்லாமே நினைவிருந்தது. பழைய செய்தித்தாளில் படித்ததைச் சொல்வதுபோல் சொன்னான். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. குயிலியிடம் என்ன சொல்வது என்று நினைத்து நின்றேன்.

அப்போது சௌந்தரம் உள்ளே வந்தார். கம்பின் கொக்கியில் என் செருப்புகள் இரண்டும் தொங்கின.

“இது யாருது?”

“என்னுதுங்க.”

“ஒண்ணு அங்க கெடந்துச்சு. ஒண்ணு இங்க கெடந்துச்சு. ஜோடி பிரிஞ்சா அது கலைச்ச பிரிவு. எரிச்சுடணும்.”

“யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதேன்னு...”

“யாராவது எடுத்திருந்தா அவங்க விட்டதை நீங்க போட்டுட்டுப் போயிருக்கலாம். இன்னைக்கு எல்லாம் தீர்ந்துபோச்சு.”

சௌந்தரம் கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கீழே எரிந்த நெருப்பில் உதறினார். சற்று நேரத்தில் தோல் கருகும் வாடை வந்தது. எல்லாக் கோயில் வாசலிலும் கைகொடுத்த யோசனை. இங்கே என் தலையிலேயே விடிந்தது.

“தளபதி, வெறுங்கால் ஒருத்தர்,” என்றார் சௌந்தரம்.

நம்பி என் காலைப் பார்த்தான். “ஏத்திடலாம்,” என்றான்.

ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. அங்கே ஒரு லாரி நின்றது. வெறுங்கால் பிரிவின் வண்டி. அது எப்போதும் நின்றுகொண்டேதான் இருக்கும். கிளம்பி யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாளும் நிறைந்ததில்லை.

“டேய், நான்டா,” என்றேன்.

“தெரியுதுண்ணே. வாங்க.”

வெறுங்காலைத் தளபதிதான் கூட்டிப்போய் ஏற்ற வேண்டும். அதுதான் முறை. சௌந்தரம் வாசலுக்குப் போய்விட்டார். நம்பி முன்னால் நடந்தான். நான் பின்னால் போனேன். ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். பல்லிக்கே நாற்காலி ஏறுகிறவன் எங்கே ஓடுவது? நடந்ததே பெரிய காரியம்.

பாதிப் படியில் நம்பி உட்கார்ந்துவிட்டான்.

“சைஸ் சின்னது. கடிக்குது,” என்றான். ஒரு பூட்ஸைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தான். தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. இன்னொன்றையும் கழற்றினான்.

உடனே என்னைப் பார்த்து ஓவென்று அழுதான்.

“அண்ணே! நீ எதுக்கு வந்தே? நானே உன்னை ஏத்தச் சொன்னேனே!”

அவனைக் கட்டிக்கொண்டேன்.

“எழுந்திருடா. இப்படியே ஓடிடலாம்.”

“வெறுங்காலோட வாசலைத் தாண்ட முடியாதுண்ணே. கிட்டப் போனா வாசல் பின்னாடி போயிடுது. நான் பார்த்தேன்.”

கீழே முற்றத்தில் யாரோ தளபதி எங்கே என்று கேட்கும் சத்தம் வந்தது. எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது.

“நீ போட்டுக்கோண்ணே,” என்றான் நம்பி. “தளபதி சொன்னா வாசலும் நிக்கும், வெறுங்காலையும் வெளியே விட்டுருவாங்க. ‘இவனை விடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். நான் போனதும் நீ கழட்டிட்டுப் படிக்கு அடியில ஒளிஞ்சுக்கோ. வெளியே போய் எங்கேயாவது ஒரு செருப்பு வாங்கிட்டு வந்து உன்னை மீட்டுர்றேன்.”

“அதை நீயே போட்டுக்கிட்டு எனக்குச் சொல்லேன்.”

“நான் போட்டா உன்னை ஏத்திருவேண்ணே. நான் எப்படின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ அப்படி இல்ல. நான் உடைச்ச கண்ணாடிக்கெல்லாம் நீதானே அடி வாங்கினே.”

அவன் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. பூட்ஸ் போட்டால் லாரியில் ஏற வேண்டியதில்லை என்பதும் மனதில் இருந்தது. எது முதலில் இருந்தது என்று பார்க்க நேரமில்லை.

படியில் உட்கார்ந்து இடது காலை நுழைத்தேன். “இவனை விடுங்க, இவனை விடுங்க” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நம்பி எனக்கு நாடா கட்டிவிட்டான். அவனும் கூடவே அதைச் சொன்னான். வலது காலும் உள்ளே போனது. எனக்கு அது கச்சிதமாக இருந்தது. நம்பி இரண்டாவது நாடாவையும் இறுக்கினான். இப்போது அவன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்றேன். காலையிலிருந்து வயிற்றைப் பிடித்திருந்த பயம் இல்லை. மனசு துடைத்து வைத்த மேசைபோல் இருந்தது.

முற்றத்தில் நல்ல வெயில். தரை சுட்டது. வெறுங்கால் பிரிவினர் காலை மாற்றி மாற்றி வைத்து வரிசையில் நின்றார்கள். ஒரு சிப்பாய் எனக்கு சல்யூட் அடித்தான்.

“தளபதி, இவரு?” என்று நம்பியைக் காட்டினான்.

நம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் என் தம்பி. அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் நிற்கிறாள். சொல்ல வேண்டிய வார்த்தைகூட நினைவில் இருந்தது. எல்லாம் தெரிந்தது.

“ஏத்துங்க,” என்றேன்.

நம்பியின் முகம் வெளுத்தது. என் கண்ணையே பார்த்தான். மெல்லத் தலையாட்டிக்கொண்டான். சிப்பாய் தொடுவதற்கு முன்பே தானாகப் போய் லாரியில் ஏறினான். உள்ளே ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நம்பி அவர் தோளைத் தட்டுவது தெரிந்தது. அவன் மெதுவாகத்தான் பேசினான். எனக்குக் கேட்டது.

“பயப்படாதீங்க சார். அவரு எங்கண்ணன். ஏதோ யோசனை வெச்சிருக்காரு.”

அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார். நான் அடுத்தவரை வரச் சொன்னேன்.