முருகன் படத்தடியில் எட்டு பேட்ஜ்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று வந்தது நியாயமான கோபம்.

மேட்டூர்ப் பக்கம் ஒரு சிர்க்கான் மில்லில் நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். பீங்கான் ஓடுகளுக்காக அங்கே சிர்க்கான் என்கிற மணலை மாவாக அரைப்பார்கள். அந்த மணலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அதனால் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். யார் உடம்பில் எவ்வளவு பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகம் அதைப் பார்த்துச் சொல்லும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான்.

இந்த முறை மூட்டைக் கொட்டகை ஆட்கள் எட்டுப் பேருக்கு ஒன்றுமே இல்லை என்று வந்தது. தனப்பிரியாவுக்கு மட்டும் அளவு காட்டியது. அதே கொட்டகையில் மூட்டை தைக்கிற அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். இப்படியே போனால் வயிற்றுப் பிள்ளைக்கான வரம்பைத் தாண்டிவிடும்.

மேனேஜர் மாதேஸ்வரன் தன் அறையில் அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் புள்ள பேட்ஜு கெட்டுப்போச்சுங்க மேடம். அத அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. மத்தவங்களுக்கெல்லாம் சைபர்தானுங்களே!"

"சைபர் எப்படிங்க வரும்? பொழுதன்னிக்கும் மூட்டைக்குள்ளயே கெடக்கறாங்க."

அவர் கண் பூஜை அலமாரிக்குப் போனது. என் கண்ணும் போனது. அடுத்த மூன்று மாதத்துக்கென்று புதிதாக வந்த எட்டு பேட்ஜுகளும் முருகன் படத்தடியில் வரிசையாக இருந்தன, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு.

"தொலஞ்சா தெண்டம் கட்டோணுமுங்க. அதான் எப்பவும் சாமிகிட்டயே வெச்சிர்றது."

அட கொடுமையே! இத்தனை நாளும் முருகனுக்கா அளந்துகொண்டிருந்தோம்?

தனப்பிரியாவைக் கூப்பிட்டேன். சேலையில் பேட்ஜோடு வந்தாள்.

"எம் பேரு போட்டிருந்துச்சுங்க மேடம். அதான் கேட்டு வாங்கித் தெனம் குத்திக்குவேன், ஊட்டுக்குப் போறப்ப ஆபீசுல குடுத்துருவேன். தப்புங்களா? வேலைய உட்டு நிறுத்திருவாங்களா?"

"தப்பு உன்னுது இல்ல சாமி."

அவள் அளவை நான் அடிக்கவில்லை. எட்டு சைபர்களையும் அடித்தேன். பேட்ஜ் அணியவில்லை என்று எழுதி, ஒரே கொட்டகை, ஒரே வேலை என்பதால் தனப்பிரியாவின் அளவையே எட்டுப் பேருக்கும் போட்டேன். மூச்சில் போகும் தூசியைத் தனியாக அளக்க வேண்டும் என்று சேர்த்தேன். தனப்பிரியாவுக்கு இன்றே வேறு இடம், கூலி குறையாமல் என்றும் எழுதினேன்.

"மில்லையே மூட வெச்சிருவீங்களாட்ட இருக்குது! உங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்க எனக்குத் தெரியாதா?" என்று எகிறினார் மாதேஸ்வரன்.

"தாராளமாப் போட்டுக்குங்க. அலமாரிய போட்டோ எடுத்தாச்சு. அறிக்கையோட, கதிர்வீச்சக் கண்காணிக்கிற அரசு வாரியத்துக்கும் அனுப்பியாச்சு."

பேட்ஜுகளை அள்ளிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். எட்டுப் பேர் நெஞ்சிலும் நானே குத்திவிட்டேன். திரும்பி வந்தபோது தனப்பிரியா மேனேஜர் அறையிலேயே நின்றிருந்தாள். மூட்டை தைக்கும் கோணி ஊசியையும் சணலையும் அவர் மேசைமேல் வைத்திருந்தாள். இவ்வளவு நாளில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"எங்க உக்காரோணும்னு சொல்லுங்க, உக்காந்துக்கறேன். கூலி அதேதான். மூட்டைகிட்ட மட்டும் போகமாட்டேன்."