எர்த் ஒயர்

ஒடுகத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பஞ்சாட்சரம், மாதையனின் காரை மூன்றாவது முறையாகத் திறந்தான். இருபது வருஷத்துப் பழைய கார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹாரன், லைட், இன்ஜின் எல்லாம் ஒருசேர அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர் வரும். போன வருஷம் பேட்டரியை மாற்றிக் கொடுத்தான். பொங்கலுக்கு முந்தின நாள் ஆல்டர்னேட்டரைப் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பார்த்து அனுப்பினான்.

"மறுபடியும் நின்னுடுச்சாண்ணா?"

"நின்னுடுச்சு தம்பி." மாதையன் காரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "எம் பொண்ணு நதியாவுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. ஆம்புலன்ஸ் வரட்டும்பான்னு சொன்னா. மலைமேல அது எப்ப வந்து சேர்றதுன்னு நாந்தான் கார்ல ஏத்தினேன். பாதி மலையில, வளைவுல நின்னு போச்சு. முக்கா மணி நேரம். கொழந்த கார்லயே பொறந்துது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒடம்பு ஆறிப்போச்சு."

பஞ்சாட்சரம் இன்ஜின் மேல் குனிந்தான். வோல்ட் மீட்டரை எடுத்தான்.

பேட்டரியில் குறையில்லை. பியூஸ் எல்லாம் சரி. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையைக் காரின் பாடியிலும் வைத்து, "செல்ப் அடிங்கண்ணா" என்றான். பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டிய எண் நாலுக்குத் தாவியது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழியில்தான் கோளாறு. எர்த் ஒயர்.

ஒயரைத் தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவனே சுற்றியது. பொங்கலுக்கு முந்தின நாள், வாசலில் ஏழு வண்டி நின்றபோது, ஒயர் வெடித்திருந்ததைப் பார்த்தும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சுற்றிவிட்டான். பிரித்தான். உள்ளே செம்பு பச்சைப் பொடியாய் உதிர்ந்தது. நாலைந்து இழைதான் மிச்சம்.

புது ஒயரைப் போட்டு முடித்தான். மறுபடி செல்ப் அடித்தபோது எண் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. மாதையனிடம் எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"அண்ணா, தப்பு என்னுது. அன்னிக்கே பாத்தேன். மாத்தாம டேப் போட்டுட்டேன்."

"மாத்தியிருந்தா நின்னிருக்காதா?"

"நின்னிருக்காதுண்ணா."

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தான். மாதையன் கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே குந்தினார்.

"இருபது நாளா அவ எங்கிட்ட பேசல. நான் புள்ளைய கொன்னுட்டேன்னு நெனைக்கிறா. நானும் அப்படித்தான் நெனைச்சிக்கினு கீறேன். நீ வந்து அவகிட்ட சொல்லு."

பஞ்சாட்சரம் கடையைச் சாத்திவிட்டுக் காரில் ஏறினான். கார் மலை ஏறியது. ஒரு வளைவு வந்ததும் மாதையன் கியரை மாற்றி மெதுவாகப் போனார். அன்றைக்கு நின்ற இடம் அதுதானா என்று பஞ்சாட்சரம் கேட்கவில்லை.

நதியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஞ்சாட்சரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்குக் கடையில் பொங்கல் கூட்டம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அது சாக்காகிவிடும்.

"பொண்ணு," என்றாள் அவள். "கண்ண தொறந்து பாத்துச்சு."

"மன்னிச்சிடும்மா."

"அத எங்கிட்ட கேக்காதீங்க. நீங்க போங்க."

அவன் திரும்பினான். மாதையன் உள்ளே வராமல் கதவோரமாகவே நின்றிருந்தார். நதியா அவரைப் பார்த்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"இன்னாப்பா அங்கியே நிக்கிற? உள்ள வா."

மாதையன் உள்ளே போனார். மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். அழுகுரல் வெளியே கேட்க, பஞ்சாட்சரம் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் வரும் ரோட்டுக்கு நடந்தான். அந்தக் கார் அதற்குப் பிறகு அவன் கடைக்கு வரவேயில்லை.