தனக்கொடி சாவில் மாரடித்தது

தனக்கொடி செத்த சேதி வந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மதலேனம்மாளும் வருவாளே என்ற கோபம். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் தனக்கொடி பிறந்தது கரிக்கலாம்பாக்கத்தில். அந்த ஊர் மதலேனம்மாளின் மகனுக்கு என் மகள் ஆரோக்கிய செல்வியைப் பேசி முடித்தவளே அவள்தான்.

செல்வி போய் மூன்று வருஷம். எழுபத்தொன்றில், மாமியார் வீட்டில், தலைப்பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். 'கொன்னுபோட்டா பாவி' என்று கோயில் வாசலில் நின்று கத்தியவள் நான். 'அன்னாளுக்கு நாக்கில் நெருப்பு' என்று என்னை ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

செல்விக்கு மாரடிக்கக்கூட விடவில்லை. பெண்கள் வட்டம் கட்ட எழுந்தபோது, "அது அஞ்ஞானிங்க வழக்கம், செபமாலை சொல்லுங்க" என்று கோயில் உபதேசியார் உட்காரவைத்துவிட்டார். மணியை உருட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நெஞ்சில் அடைத்தது அப்படியே நின்றுவிட்டது. சோறு இறங்காது. நடவுக்குக் குனிந்தால் மூச்சு முட்டும்.

தனக்கொடி வீட்டு வாசலில் உச்சிவெயிலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக நின்று மாரடித்தார்கள். குனிந்து இரண்டு கையாலும் மாரில் ஓர் அடி, நிமிர்ந்து ஓர் அடி, பக்கவாட்டில் ஓர் எட்டு. ஓரமாக நின்ற என் கையைத் தனக்கொடியின் ஓரகத்தி கலியம்மாள் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி வேடிக்க பாக்குற? உங்க சாமியாரு கேட்டா நான் சொல்லிக்கிறேன், வா!"

போனேன். நிமிர்ந்தால் எதிரே மதலேனம்மாள்! அடச்சீ என்று விலகி வந்திருப்பேன். ஆனால் வட்டத்தில் நுழைந்தவள் பாதியில் விலகினால் செத்தவளுக்கு அவமரியாதை.

முதல் அடிகளெல்லாம் அவளை நினைத்துத்தான் விழுந்தன. ஏன்டி வண்டி கட்டல, ஏன்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கல என்று அடிக்கொரு கேள்வி. சுற்றச் சுற்றக் கால் தானாகவே எட்டு வைத்தது, மூச்சு கையோடு சேர்ந்துகொண்டது. நெஞ்சடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கேட்கக் கேள்வி இல்லாமல் போயிற்று. அப்போதுதான் அந்த ஏழுவகைச் சோறு ஞாபகம் வந்தது.

செல்விக்கு ஏழாம் மாசம் வளையல் அடுக்கி அழைத்துவர நான் சோறு கிளறி வைத்த காலையில், 'அறுப்பு முடியட்டும், அப்புறம் வாங்க' என்று மதலேனம்மாள் ஆள் விட்டாள். அத்தனை சோற்றையும் மாட்டுத்தொட்டியில் கொட்டினேன். அறுப்பு முடிந்ததும் மறுபடி ஆள் வந்தது. 'வேணும்னா அவளே கொண்டாந்து வுடட்டும், என் காலு அந்தப் படி ஏறாது' என்று சொல்லி அனுப்பினேன். தாய்வீட்டார் போய் அழைக்காமல் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்து விடுகிற வழக்கம் எங்களில் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மூன்று வருஷமாக இதை நான் நினைக்கவே இல்லை. கோபம் குறுக்கே நின்றது. ஐயோ, அது அப்படியே நின்றிருக்கலாம்.

வட்டத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதலேனம்மாள்தான் வந்து தூக்கினாள். வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"சம்மந்தி, எங்கொழந்த என்னக் கேட்டுச்சா?" என்றேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஊரு பூரா உங்கள ஏசினேனே. நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"பெத்தவகிட்ட அத எப்புடிம்மா சொல்றது?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பொட்டியக் கட்டியே வச்சிருந்தா. சாயங்காலமானா தெருவுல வந்து நிப்பா. 'அம்மாவுக்குக் கோவம் எறங்கிடும் அத்த, நாளைக்கு வந்துடும்'னு தெனம் சொல்லுவா."

"எறங்கிடுச்சிடி செல்வி, எறங்கிடுச்சிடி" என்று மாரில் அடித்துக்கொண்டேன். மதலேனம்மாள் என் கைகளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.