டைகருக்குப் பிடித்த சுருதி

சுருதி சேர்க்கப் போகும் வீடுகளில் பியானோவைத் தவிர எதையும் அருள்பாண்டிக்குப் பிடிக்காது. முக்கியமாக, அந்த வீட்டுப் பிராணிகளை. தேவாரம் ஊர் வக்கீல் வீட்டுப் பூனை கம்பிகளுக்கு நடுவே மயிர் உதிர்த்து வைக்கும். வக்கீல் அதைப் பூனையின் சங்கீத ரசனை என்பார். போடி டாக்டர் வீட்டு லவ் பேர்ட்ஸ், அவன் காதைக் கூர்மையாக்கும் நேரம் பார்த்துக் கத்தும். கூண்டின் மேல் துணி போடச் சொன்னால் டாக்டரம்மா முகம் வாடிவிடும்.

ஏலக்காய் வியாபாரி ராஜாராமின் போடிமெட்டு வீட்டில் ஒரு லாப்ரடார். பெயர் டைகர். அருள்பாண்டி ஜீப்பை விட்டு இறங்கியதும் அவன் கால்களுக்கிடையே மூக்கை நுழைத்தது. ஒன்றும் செய்யாது என்றார் ராஜாராம். நாய் வளர்ப்பவர்கள், நாய் செய்துகொண்டிருக்கும்போதே சொல்வது.

பொறுத்துக்கொண்டான். ராஜாராமின் மருமகனுக்கு மலைமேல் மூன்று ரிசார்ட், மூன்றிலும் பியானோ. இந்த வேலை பிடித்துவிட்டால் அவையும் அவனுக்குத்தான் என்று ராஜாராமே போனில் சொல்லியிருந்தார்.

நாயைக் கொல்லையில் கட்டச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தான். இரண்டு கட்டைகள் அமுக்கினால் எழவில்லை. அவற்றைச் சரிசெய்தான். ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும். மலை ஈரத்தில் அவை சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பொழுது சாயும்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தான். வாசித்துப் பார்த்தான். குறை சொல்ல எதுவுமில்லை.

ராஜாராமின் மனைவி ஜோதி நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். ராஜாராம் இரண்டு விரல்களால் கட்டைகளைத் தட்டினார். டைகர் கொட்டாவி விட்டுப் படுத்தது. மறுபடி தட்டினார். அது காலை நக்கியது.

"என்னண்ணே செஞ்சீக? நேத்து வரைக்கும் நல்லாப் பாடுனான்" என்றாள் ஜோதி.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. ராஜாராம் தட்ட, டைகர் ஊளையிடும். ஜோதி படம்பிடித்து நெட்டில் போடுவாள். ஏலக்காய் வாங்க வருகிறவர்கள்கூட விலைக்கு முன்னால் டைகரைத்தான் விசாரிக்கிறார்களாம். அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

"எந்திரிக்காத ரெண்டு கட்டையத்தான பாக்கச் சொன்னேன்" என்றார் ராஜாராம். "பழையபடி ஆக்கிக் குடுத்துரு, பாண்டி. மருமகனும் இதப் பாத்துட்டுத்தான் அங்க ஒரு நாய் வாங்கியிருக்காரு."

அருள்பாண்டி நாயைப் பார்த்தான். சுருதி சேர்ந்ததை அந்த வீட்டில் கவனித்தது அது ஒன்றுதான். அதுவும் கொட்டாவி விட்டது.

நடுக்கட்டையின் ஒரு கம்பியைத் தளர்த்தித் தட்டினான். நாய் தலையைத் தூக்கியது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். டைகர் கழுத்தை நீட்டி ஊளையிட்டது. ஜோதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லாக் கட்டையையும் இப்படியே வைக்கச் சொன்னார் ராஜாராம்.

சேர்க்கப் பகல் முழுக்கப் பிடித்தது. கெடுத்து முடிப்பதற்குள் ஜோதி கொடுத்த காப்பிகூட ஆறவில்லை.

ஜீப் ஏறும்போது டைகர் வந்து அவன் கையை நக்கியது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"மருமகன் ரிசார்ட்டுல என்ன நாய்ண்ணே?"

"பொமேரியன்."

"அதுக்குக் கொஞ்சம் சன்னமா வைக்கணும்" என்றான் அருள்பாண்டி.