இரண்டில் ஒரு பிள்ளை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை ஹரி முன்னால் நிற்பான். அங்கிருந்து கல்பாக்கம் வரை பாலா. திரும்பி வரும்போதும் திருக்கழுக்குன்றத்தில் இடம் மாறும். எங்கள் சேதக் ஸ்கூட்டரில் நாங்கள் நான்கு பேரும் போகத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. ஒருவன் என் முழங்கால்களுக்கு நடுவில் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான். மற்றவன் எனக்கும் சியாமளாவுக்கும் நடுவில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். நான்கு வயது இரட்டையர் இருவருக்கும் வேறு எதிலும் சமாதானம் கிடையாது. இதில் மட்டும் உண்டு.

தொண்ணூற்றெட்டாம் வருடத்துக் காணும் பொங்கலன்று காலையில் வண்டியை உதைக்கும்போது, திரும்பி வருகையில் இந்த ஏற்பாடு தேவைப்படாது என்பது எங்கள் நால்வரில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இருவரில் ஒருவனை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வரப்போகிறோம். ஒரு விடுமுறைக்காக அல்ல, அவர்கள் பிள்ளையாகவே. சியாமளாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அவள் வெட்டிய கரும்புத் துண்டுகளையும் சர்க்கரைப் பொங்கல் தூக்கையும் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் சட்டை போட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். "சாயந்தரம் இருட்றதுக்குள்ள வந்துடுவோம்க்கா" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அண்ணன் ராமானுஜம் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஏழு வயது. அவர் கல்பாக்கத்தில் அணுமின் வேலைகள் நடந்த இடத்தில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு டெக்னீஷியனாகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, என்னைப் படிக்க வைத்து, தாலுகா ஆபீஸ் பரீட்சைக்கு அவரே விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தார். இத்தனை வருடத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

இரட்டையர் பிறந்தபோது அண்ணனும் சகுந்தலா அண்ணியும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. சியாமளா மயக்கம் தெளியாமல் கிடந்தாள். அண்ணன் தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணு எனக்குடா வரதா" என்றார்.

"எடுத்துகினு போண்ணா. ஒரு தூக்கமாவது மிச்சம்" என்றேன்.

நர்ஸ் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டில் யாராவது இப்படிக் கேட்பதும் பெற்றவன் இப்படிச் சொல்வதும் வழக்கம்தானே. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய மார்கழியில் அண்ணன் என் ஆபீசுக்கு வந்தார். பத்திரம் எழுதுகிறவர்கள் உட்காரும் தாழ்வாரத்தின் கடைசியில் இருவரும் நின்றோம்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்னியே, நெனப்பு கீதா?"

"ம்."

"அத சகுந்தலா மறக்கவே இல்லடா. நான்தான் பால் மறக்கட்டும், பேச்சு வரட்டும்னு தள்ளிகினே வந்தேன். இதுக்கு மேல தள்ளுனா புள்ளைக்கு வெவரம் வந்துடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காணும் பொங்கலுக்கு எப்பவும் போல எல்லாரும் வாங்க. மணை போட்டு மொறையா வாங்கிக்கறோம். ஜூன்ல அங்கயே ஸ்கூல்ல போட்டுடலாம். சியாமளா அவ கையால மடில வெக்கணும். பெத்தவ கையால வந்தாத்தான் தத்து. அவகிட்ட நீ பேசிடு."

நான் தலையசைத்தேன். அண்ணன் எதிரில் நான் 'சரி' என்றுகூட வாய் திறந்து சொன்னதில்லை. தலையசைத்தால் சரி. 'வேண்டாம்' என்பதற்கு எங்களுக்குள் ஒரு சைகையே உண்டாகவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம். மூன்று தடவை சியாமளாவிடம் சொல்லப் போனேன். ஒரு தடவை அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஹரிக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவள் ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்னா?" என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

ரோடெல்லாம் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகள் நின்றன. லாரியில், டிராக்டரில், வேனில் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வண்டி தாண்டும்போதும் ஹரி கையசைத்தான். ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. கரையோரம் தண்ணீர் ரோட்டை ஒட்டி அசையாமல் நின்றது. நான் அதைப் பார்க்காமல் ஓட்டினேன்.

எனக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எவனை என்று அண்ணன் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதமாக நான் இரண்டு பிள்ளைகளையும், வாங்குகிறவன் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலப் பார்த்து வந்திருக்கிறேன். ஹரிக்கு ராத்திரியில் மூச்சு இழுக்கும். அம்மா இல்லாமல் தூங்கமாட்டான். பாலா யார் கை நீட்டினாலும் போவான், புது இடத்தில் அழமாட்டான், போட்டதைச் சாப்பிடுவான். அதனால் பாலா. அவன் நல்ல பிள்ளையாக இருந்ததுதான் காரணம். இதை எப்போது முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. முடிவு ஏற்கெனவே அங்கே இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்தினேன். இரட்டையர் இடம் மாறினார்கள். சியாமளா பூ வாங்கப் போனாள். பூக்காரி பிள்ளைகளைப் பார்த்துவிட்டாள்.

"ரெட்டையா? அப்டியே அச்சுல வார்த்தாப்புல கீதுங்களே. ஒண்ண எங்கிட்ட வுட்டுட்டுப் போம்மா, பூ கட்டக் கத்துத் தரேன்."

"ரெண்டையுமே வெச்சிக்கோ" என்றாள் சியாமளா. "சாயந்தரம் நீயே பஸ் புடிச்சி வந்து குடுத்துட்டுப் போவ."

பூக்காரி சிரித்து, ஒரு முழம் கூடவே அளந்து போட்டாள். சியாமளா சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல எதனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல."

"ஒரு மாசமா அதே ஒண்ணுமில்லதான். எனக்கே அலுத்துப்போச்சு."

அதன்பிறகு பாலாவின் தலை என் தாடைக்குக் கீழே இருந்தது. காற்றில் அவன் முடி என் கழுத்தில் பட்டது. சிறிது தூரம் போனதும், "அப்பா, பெரியப்பா வூட்ல மீன் தொட்டி கீதுல்ல?" என்றான்.

"கீது."

"நான் அங்கயே இருந்து பாத்துகினே இருப்பேன்."

பின்னாலிருந்து சியாமளா, "இருந்துக்கோடா, யாரு வேணான்னா" என்றாள்.

சவுக்குத் தோப்புகள் தொடங்கிய இடத்தில் நான் வண்டியை ஓரம் கட்டினேன். பிளக்கில் கரி பிடித்திருக்கிறது என்றேன். பக்கத்துக் கதவைத் திறந்து, ஸ்பேனர் போட்டு, பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்தேன். அது சுத்தமாகவே இருந்தது. பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். சியாமளா மைல்கல்லின் மீது உட்கார்ந்து கொண்டாள். சவுக்கு மரங்களுக்கு உள்ளே வெளிச்சம் போகவில்லை. கடல் தெரியவில்லை. ஆனால் அதன் சத்தம் தரைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"சியாமளா."

"ம்."

அவள் காத்திருந்தாள். ஒரு வேன் பாட்டுச் சத்தத்தோடு கடந்து போய், சத்தம் தேய்ந்து, மறுபடி கடல் கேட்டது. இங்கே சொல்லிவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பொழுது சாயும்வரை நிற்பார்.

"கெளம்பலாம்" என்றேன்.

"நல்லா ஓடற வண்டிய நிறுத்தித் தொடைக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். குரலில் கேலி இருந்தது. எழுந்து புடவையில் மணலைத் தட்டியபோது அவள் முகத்தில் அது இல்லை.

அண்ணன் வாசலில்தான் நின்றிருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். குவார்ட்டர்ஸ் கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மாக்கோலம் போட்டு மணை வைத்திருந்தார்கள். அதன் எதிரில் இன்னொரு மணை. தாம்பாளத்தில் வெற்றிலை, மஞ்சள், வெள்ளி டம்ளரில் பால். மடித்த பட்டுத் துணி ஒன்று. சிறுவனுக்கான வேட்டி சட்டை. ஒன்றுதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, பூஜையா?" என்றாள் சியாமளா. "சொல்லியிருந்தா சீக்கிரம் வந்திருப்பேனே."

சகுந்தலா அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். கூறைப் புடவை போல ஒன்று உடுத்தியிருந்தார். சியாமளாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்குப் பேச வரலடி. ராத்திரியெல்லாம் தூங்கல. நீ மனசு மாறிடுவியோன்னு ஒவ்வொரு நாளும் பயந்துகினே இருந்தேன். எவன்னு நான் கேக்கமாட்டேன். நீயா யார என் மடில வெக்கறியோ, அவன் எனக்கு. வாரா வாரம் நீ வந்து பாரு. நான் தடுக்கமாட்டேன்."

சியாமளாவின் கைகள் அண்ணியின் கைகளுக்குள் அப்படியே இருந்தன. அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள். ஒற்றைப் பட்டுத் துணியைப் பார்த்தாள். இரண்டு மணைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் மீன் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்கள்.

பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்கழில..."

"ஒரு மாசம் பக்கத்துலயே படுத்துகினு இருந்தீங்க."

அண்ணி அவள் கைகளை விட்டார். "வரதா, அவகிட்ட சொல்லலியா?" என்றார். குரலே இல்லாமல் கேட்டார்.

"நீ தலையாட்டினியேடா" என்றார் அண்ணன்.

சியாமளா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னிடமே கேட்டாள். சத்தமில்லாமல், வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"யாருன்னு வெச்சிருந்தீங்க?"

"அப்டி ஒண்ணும்..."

"வெச்சிருப்பீங்க. யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் என் கண் போய்விட்டது. மீன் தொட்டியின் முன் ஒரே சட்டையில் இருவர் முதுகு காட்டி நின்றார்கள். என் கண் இடது பக்கம் நின்றவன் மீது ஒரு நொடி நின்றது. இழுத்துக்கொண்டேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

அவள் முகத்தில் அதுவரை கோபம் இருந்தது. அந்த நொடியில் அது போய்விட்டது. அதன் இடத்தில் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளை, உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்ப்பது போன்ற பார்வை.

அவள் நடந்து போய் முதலில் பாலாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு ஹரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்கமேல எனக்கு ஒண்ணும் கெடையாது" என்றாள். "கேட்டீங்க. கேக்கறது தப்பில்ல. எங்கிட்ட நேரா கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதான் ஆயிருக்கும்."

அண்ணி மணையின் மீது உட்கார்ந்துவிட்டார். மடியில் கைகள் மல்லாந்து கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரிலிருந்த பாலை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, "பசங்க குடிச்சிட்டாவது போட்டும்" என்றார். யாரும் அதை வாங்கவில்லை. அண்ணன் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போ" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லோடு அவர் என்னிடம் பேசுவது நின்றது.

நான் வெளியே வந்தபோது சியாமளா ஸ்கூட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். "ஏறு" என்றேன். "சியாமளா, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணும் ஆவலியே. நாலு பேரும் வூட்டுக்குப் போறோம்."

அவள் திரும்பவில்லை. ஹரி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான். "பெரிம்மா வூட்ல சாப்பிடலியா?" என்று அவளிடம் கேட்டான்.

புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நெரிந்தது. செங்கல்பட்டு பஸ் நின்றிருந்தது, உட்கார இடமும் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். மாமல்லபுரம் வழியாகத் திருப்போரூர் போகும் பஸ்ஸின் படியில் ஹரியை ஏற்றிவிட்டு, பாலாவோடு ஏறினாள். திருப்போரூரில் அவள் அண்ணன் வீடு இருக்கிறது.

"சாவி பக்கத்து வூட்ல கீது" என்றாள் படியிலிருந்து. "தேவையானத எடுத்துக்கோங்க."

"எப்ப வருவ?"

கண்டக்டர் விசிலடித்தார்.

நான் பஸ்ஸின் பின்னால் ஓட்டினேன். பின் கண்ணாடியில் யார் யாரோ தலைகள். சட்டை நிறம் ஒரு தடவை தெரிந்தது. ஊர் தாண்டி, உப்புக் காற்று முகத்தில் அறைய, ஒரு கை தூரத்தில் போய்க்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் நெருங்க நெருங்க ஜனம் பெருகியது. சோற்று மூட்டையும் குழந்தைகளுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு கடலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தொலைத்தவர்கள் மேடைக்கு வந்து பெயர் கொடுக்கும்படி போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. பிறகு மூடிக்கொண்டது.

ஹார்ன் அடித்தேன். ஒருவர் திரும்பி, "எங்கய்யா போற, பாத்தா தெரியல? தனியாத்தானே கீற, எறங்கித் தள்ளு" என்றார்.

நான் இறங்கினேன்.