மூடியில் ஒட்டிய பாஸ்வேர்ட்

லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றியதும் மெக்கானிக் முகத்தைச் சுளித்தார். விசிறியின் இறக்கைகளில் தூசி மெத்தை மாதிரி படிந்து கிடந்தது. அதில் நீளமான தலைமுடிகள் சுற்றியிருந்தன. காற்றுப் போகும் துவாரத்தில் ஒரு கரப்பான்பூச்சி கால்களை மேலே தூக்கிக்கொண்டு காய்ந்து போயிருந்தது. இருபது வருஷமாகப் பழைய கணினிகளின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவர்தான். ஆனாலும் முதல் பார்வையில் ஒவ்வொரு முறையும் குமட்டும். பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

"பயந்துடாதீங்கம்மா. எல்லா லேப்டாப் உள்ளயும் இந்த லட்சணம்தான். நம்ம வயித்துக்குள்ள எட்டிப் பாத்தா நமக்கே சாப்பாடு எறங்காது" என்றார்.

எதிரே நின்ற பெண் சிரித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சார்ஜர் வயரை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்து மெஷின். புதுசே வாங்கிடலாமேம்மா?"

"இப்ப முடியாதுண்ணா. ஆன்லைன்ல பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றேன். பாதிக் கணக்குல என் மூஞ்சி அப்படியே நின்னுடுது. வாயத் தொறந்தபடி நிக்குதாம். அதுங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க."

"அப்படின்னா ஒரு வழி இருக்கு. இப்ப வர்ற மெஷின்ல பிராசஸர், மெமரி எல்லாத்தையும் போர்டோட சேத்து ஒட்டிடறான். தொட முடியாது. இது பழசுங்கறதால ரெண்டையும் கழட்டலாம். இந்த போர்டு ஏத்துக்கற பெரிய பிராசஸர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மெமரியையும் நாலு மடங்கு ஆக்கிடலாம். பறக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். நல்லா நடக்கும்."

"நடந்தாப் போதும்ணா." சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது. "உள்ள இருக்கறது எதுவும் அழிஞ்சிடாதுல்ல? கொஞ்சம் போட்டோ இருக்கு. வேற எங்கயும் இல்ல. அடுத்த வாரம் எனக்கு அது கட்டாயம் வேணும்."

"அதெல்லாம் டிஸ்க்ல இருக்கு. அது பக்கமே நான் போக மாட்டேன்."

அந்த வார்த்தையை அவர் மனசறிந்துதான் சொன்னார். சொன்ன வாயோடு, கை தானாகவே டேப் சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தது. பேனாவைத் திறந்தார்.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க."

"அது எதுக்குண்ணா?"

"மாத்தினப்புறம் டெஸ்ட் பண்ணணும்ல."

அவள் பேனாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நரை விழுந்த, குடும்பஸ்தர் முகம். ஒவ்வோர் எழுத்தாகத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் கொட்டை எழுத்தில் எழுதி மூடியின் மேல் ஒட்டினார். இந்தக் கடையில் அதுதான் வழக்கம். பின்னால் அலமாரியில் பதினேழு லேப்டாப்புகள் நெற்றியில் பாஸ்வேர்டை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. யார் எடுத்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுச் சாவியை வாசற்கதவிலேயே தொங்கவிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அது யாருக்கும் உறைத்ததில்லை.

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்கம்மா" என்றார்.

வேலையில் அவர் மீது ஒரு குறை சொல்ல முடியாது. தூசியைக் கரண்டி கரண்டியாக வழித்தார். பழைய பிராசஸரின் மேல் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தெடுத்தார். பூட்டுத் திருகைத் திருப்பி, பழையதைத் தூக்கிவிட்டு, பெரியதை அதன் ஊசிக்கால்கள் வளையாமல் இறக்கினார். புதிய பேஸ்ட்டை ஒரு பயறளவு வைத்தார். மெமரிப் பட்டைகள் இரண்டையும் சாய்த்துச் செருகி அமுக்கியபோது இருபுறமும் 'டிக்' என்று கவ்விக்கொண்டன. பவரை அழுத்தினார். சோம்பேறி மெஷின் சொன்னபேச்சுக் கேட்டு எழுந்து நின்றது.

"ஏறிடுச்சா? அப்ப டெஸ்ட் ஓட்டிடலாம்" என்றான் எதிர் மேஜையிலிருந்தவன்.

அவன் இந்தக் கடையின் இரண்டாவது மெக்கானிக். அவனுக்குக் கடைக்குள் 'சென்சார்' என்று பெயர். வாடிக்கையாளர்களின் படங்களில் எது பார்க்கத் தகுந்தது, எது தகாதது என்று தீர்ப்புச் சொல்கிறவன் என்பதால் வந்த பெயர். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

மெமரி மாற்றினால் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஒரு பென்டிரைவில் போட்டு ஓட்டினால், பாஸ்வேர்ட் இல்லாமலேயே மெமரியின் மூலைமுடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். அந்தப் பென்டிரைவ் மெக்கானிக்கின் இழுப்பறையில்தான் கிடந்தது. ஆனால் கடையின் 'லோடு டெஸ்ட்' வேறு மாதிரி. வாடிக்கையாளரின் போட்டோக்களை நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் திறப்பார்கள். திணறாமல் திறந்தால் மெமரி நன்றாக இருக்கிறதாம். எப்போதோ ஒருவன் கண்டுபிடித்த சப்பைக்கட்டு. அதைச் சொல்லிச் சொல்லி எல்லாருமே நம்பிவிட்டார்கள். யாருடைய தேனிலவு, யாருடைய குளியலறைக் கண்ணாடி என்று கூச்சநாச்சமே இல்லாமல் பார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். மெக்கானிக் முன்வரிசையில் நிற்க மாட்டார். ஆனால் பின்வரிசையிலிருந்து நன்றாகவே பார்த்திருக்கிறார், சிரித்தும் இருக்கிறார்.

இன்றும் அவர்தான் பாஸ்வேர்டை அடித்தார். அவர் விரல்தான் போட்டோப் பெட்டியைத் திறந்தது. அது பக்கமே போக மாட்டேன் என்று காலையில் சொன்ன அதே மனிதர்.

படங்கள் மளமளவென்று வந்து நிரம்பின. முதல் வரிசையில் ஒரு தோள். திறந்த முதுகு.

"ஐயையோ, டீச்சரம்மா!" என்று சென்சார் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். சத்தம் கேட்டு முதலாளி டீ கிளாஸோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

சென்சார் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். அப்போதுதான் நிறம் தெரிந்தது. முதுகில் பெல்ட் அகலத்துக்கு ஊதாப் பட்டைகள். அதன் பக்கத்தில், பிள்ளைகள் கோடு போடும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைக் காயத்தின் நீளம் தெரியும்படி வைத்திருந்தாள். ஸ்கேலில் ஒட்டிய துண்டுச் சீட்டில் தேதி. அடுத்த படம், மேல்கை, நான்கு விரல்களின் தடம், ஸ்கேல், தேதி. அடுத்தது தோள்பட்டை. கண்ணாடி முன்னால் நின்று, வலிக்கிற கையால் கேமராவைப் பிடித்து, இன்னொரு கையால் ஸ்கேலைப் பிடித்து, கணக்கு டீச்சர் தன் உடம்பையே அளந்து வைத்திருந்தாள். வேறு எங்கேயும் இல்லாத போட்டோ, அடுத்த வாரம் கட்டாயம் வேண்டும் என்று சொன்ன போட்டோ. எதற்கு வேண்டும் என்று மெக்கானிக்குக் கேட்காமலே புரிந்தது.

இனிமேல் இவர்கள் தலைகுனிந்து விலகிவிடுவார்கள் என்று மெக்கானிக் நினைத்தார்.

"புருஷன் செம காட்டு காட்டியிருக்கான் போல" என்று சொல்லி முதலாளி டீயை உறிஞ்சினார்.

"முதுகுதான் வருது. முன்பக்கம் எடுத்திருக்காளா பாக்கலாம், தள்ளு" என்றான் சென்சார். இன்னொரு கையில் போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்தான். விரல் இரண்டு தட்டுத் தட்டியது. அந்தத் தெரு மெக்கானிக்குகள் எல்லாரும் இருக்கிற குரூப்புக்குப் படம் போய்விட்டது.

மெக்கானிக் திரையிலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டார். காலையில் பார்த்த கரப்பான்பூச்சி எவ்வளவோ தேவலாம். அது பாவம், செத்துப்போன பூச்சி. இங்கே இரண்டு உயிருள்ள மனிதர்கள் ஒரு பெண்ணின் காயத்தில் வாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது தன் கை. அந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை. லேப்டாப்பின் மூடியைப் படாரென்று சாத்தினார்.

"அழி."

"என்னாச்சு உனக்கு?"

"குரூப்புல போட்டத அழிடா மொதல்ல! போன்ல இருக்கறதையும் அழி. என் கண்ணு முன்னால அழி."

அவர் குரல் அப்படி உயர்ந்து அந்தக் கடை கேட்டதில்லை. சென்சார் முணுமுணுத்துக்கொண்டே அழித்தான். அழிப்பதற்கு முன் மெக்கானிக் போனைப் பிடுங்கிப் பார்த்தார். அதற்குள் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவன் சிரிக்கிற பொம்மை வேறு அனுப்பியிருந்தான்.

"என்னய்யா, புதுசா யோக்கியன் வேஷம்? அவ என்ன உன் கூடப்பொறந்த தங்கச்சியா?" என்றார் முதலாளி.

"தங்கச்சியா இருந்தாத்தான் குமட்டணுமா? மனுஷியா இருந்தாப் போதாதா?"

"சரிய்யா, அழிச்சாச்சுல்ல? தொடச்சிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போவுது?"

மெக்கானிக் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து, இத்தனை வருஷமாகச் சும்மா கிடந்த சோதனைப் பென்டிரைவை எடுத்துச் செருகினார். அது பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் ஓடி முடித்து, மெமரியில் ஒரு பழுதும் இல்லை என்றது.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். மெஷினைப் போட்டுக் காட்டினார்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுச்சேண்ணா!" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். "இனிமே வாயத் தொறந்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

கல்லாவிலிருந்து முதலாளி மெக்கானிக்கை முறைத்தார். வாயை மூடிக்கொண்டு கொடுத்தனுப்பினால் தன் வேலை தப்பும். அவளும் சந்தோஷமாகப் போவாள். ஒன்றும் தெரியாமலே போவாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பதினொரு போன்களில் எவனாவது அந்தப் படத்தை எடுத்து வைத்திருந்தால், நாளைக்கு அது அவள் முன்னால் வந்து நிற்கும்.

"வேல முடிஞ்சிடுச்சும்மா. ஆனா நான் ஒண்ணு சொல்லணும். உங்க போட்டோவ நாங்க தொறந்து பாத்தோம்."

"யோவ்!" என்றார் முதலாளி.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எந்தப் போட்டோ?"

"ஸ்கேல் வச்சு எடுத்தது."

அவள் கை தானாக எழுந்து, மூடியிருந்த தோளை இன்னும் மூடிக்கொண்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன பேரு?"

மெக்கானிக் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடையில மூணு பேர். குரூப்புல போனது பதினொரு பேர். அழிச்சாச்சு. ஆனா பாத்துட்டாங்க. மொத்தம் பதினாலு."

"மேடம், அது டெஸ்ட்டுக்காக..." முதலாளி வழிந்துகொண்டே எழுந்து வந்தார். "தெரியாம நடந்துபோச்சு. உங்களுக்கு சர்வீஸ் ஃப்ரீ. பெரிசு பண்ணாதீங்க."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மெக்கானிக்கையே பார்த்தாள். அண்ணா என்ற சொல் இப்போது அவள் வாயில் வரவில்லை.

"என்னை அடிச்சவன் ஒருத்தன். அவன் மேல கேஸ் போட்டிருக்கேன். அந்தப் போட்டோவ ஜட்ஜுகிட்டக் காட்டணும்னு நெனச்சே ஆறு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க பதினாலு பேரு, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம பாத்துட்டீங்க. நான் ரிப்பேருக்குக் குடுத்தது மெஷினத்தான். என்னைக் குடுக்கல."

அவள் மூடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பசை பாதி ஒட்டிக்கொண்டே நின்றது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்க நம்பர் குடுங்க. வக்கீல்கிட்ட இதையும் சொல்லப்போறேன். கூப்பிட்டா வந்து, இப்ப சொன்னத அப்படியே சொல்வீங்களா?"

"சொல்றேம்மா. நான் தொறந்தேங்கறதையும் சேத்தே சொல்றேன்."

எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பின்னாலேயே முதலாளியின் குரல் வந்தது.

"உன் ஸ்க்ரூ டிரைவரப் பொறுக்கிக்கிட்டுக் கெளம்பு. நாளைலேருந்து இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத."

மெக்கானிக் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கல்லூரி வாத்தியார் மாதிரி ஒருவர் லேப்டாப்போடு உள்ளே வந்தார். ரொம்ப மெதுவாக இருக்கிறது, மெமரி மாற்ற வேண்டும் என்றார். முதலாளியின் முகத்தில் பழைய இளிப்பு திரும்ப வந்து உட்கார்ந்தது. எதிரே சென்சார் டேப்பைக் கிழித்துப் பேனாவை எடுத்தான்.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க சார்."

"சொல்லாதீங்க!" என்றார் மெக்கானிக், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "மெமரி மாத்தறதுக்கு பாஸ்வேர்டே தேவையில்ல சார். இத்தன வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிக்கிட்டிருந்தோம். நீங்க நம்பிக் குடுத்தத உங்களக் கேக்காம தொறந்து பாக்கறதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல, திருட்டு. முன்னால நின்னு தொறக்கறவனும் திருடன்தான், பின்னால நின்னு பாத்துட்டுச் சும்மா இருக்கறவனும் திருடன்தான். நான் ரெண்டுமா இருந்தவன். அதான் சொல்றேன், சொல்லாதீங்க."