நடிக்காத மூன்று நொடி

“இதுல மீசை வரைஞ்சிருக்கார். அடுத்தது போடு,” என்றாள் அம்மா.

மகள் செல்போனில் அடுத்த வீடியோவை நடுவிலிருந்து ஓட்டினாள். அப்பா தலையில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு செய்தி வாசித்தார். அதற்கடுத்ததில் அம்மாவின் நைட்டியில் மாமியாராக வந்தார். முன்னறையில் அவரே அசையாமல் படுத்திருந்தார். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். வாசலில் வைக்க ஒரு படத்தை மூன்று மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் ஸ்டுடியோக்காரர். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மனுஷன் அதில் நடிக்கக் கூடாது.

அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் அது லேசுப்பட்ட நிபந்தனையா? பதினோரு வருஷமாக, லீவு கிடைத்த ஞாயிறுகளில் செல்போனை அலமாரியில் சாய்த்துவைத்து, நூற்று நாற்பத்து மூன்று வீடியோ எடுத்து யூடியூபில் போட்டவர். பார்த்தவர்கள் அறுபது பேர் தேறுவார்கள். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் தப்பாக அழுத்தியவர்கள். வேலைக்கான அடையாள அட்டையில்கூட அவருக்கு ஒரு புருவம் தூக்கியிருந்தது.

“அண்ணி, இது எனக்காகவே அண்ணன் எழுதின பாட்டு,” என்றார் சித்தப்பா.

ஏதோ பழைய காதல் மெட்டில் அப்பா லிஃப்ட் கதவைக் கட்டிப்பிடித்து உருகினார்: ‘கரண்டே, நீ போகாதே, கதவு இன்னும் தொறக்கலையே...’ கதவு திறந்தது. உள்ளே மூன்று நாள் தாடியோடு கதாநாயகி நின்று கண்ணடித்தாள். சித்தப்பாதான். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறி இருமினார். மகளும் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்ததில் அப்பா எடை பார்க்கும் மெஷினில் ஏறி, முள்ளைப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகள் சட்டென்று நிறுத்தினாள். வீட்டில் அவர் அப்படி விழாத வாரம் கிடையாது. நேற்றுக் காலை வாஷ்பேசின் பக்கத்தில் அதே மாதிரி விழுந்தபோது, அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “போதும், நடிக்காதீங்க, எந்திரிங்க,” என்றாள். புலி வருது புலி வருது கதைதான். வெங்காயத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அம்மா காதில் வாங்கவில்லை.

“முப்பது வருஷம்டி,” என்றாள் இப்போது. “எது நடிப்பு, எது நெஜம்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

மகளுக்குத் தாங்கவில்லை. எதையாவது செய்தால் போதும் என்று அதே வீடியோவை முதலிலிருந்து ஓட்டினாள்.

திரை முழுக்க அப்பாவின் முகம். மீசை இல்லை, விக் இல்லை. பதிவாகிறதா என்று சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி ஒரு பயம். மூன்று நொடிதான். பிறகு பின்னால் போய் வேறு யாரோ ஆகிவிட்டார்.

“நிறுத்து. இது அவர்தான்,” என்றாள் அம்மா.

“எப்படிம்மா சொல்றே?”

“கீழுதட்டக் கடிக்கிறார் பாரு. உன்னை முதமுதல்ல கையில வாங்குனப்பவும் இப்படித்தான் கடிச்சுக்கிட்டு நின்னார்.”

அந்த முகத்தைப் படமாக்கி ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டு எழப் போனாள் மகள். அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “எல்லாத்தையும் போடு. அந்த மொத மூணு நொடி மட்டும்.”

முகம் கிட்டே வந்தது, போனது. மீசையோடு வந்தது, பொட்டோடு வந்தது. அம்மாவுக்கு எந்த வேஷமும் குறுக்கே நிற்கவில்லை. “இதுல தலைவலி அவருக்கு.” “இது என்கூடச் சண்டை போட்ட அன்னிக்கு, மூக்கைப் பாரு.” ஒன்றில் சட்டைக் காலரைப் பார்த்துவிட்டு, “துவைக்கப் போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. “அண்ணி, நாலாயிடுச்சு,” என்றார் சித்தப்பா.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க தம்பி. இன்னும் பதினேழு இருக்கு.”

சித்தப்பா வெளியே போனார். சற்று நேரத்தில் டிரைவர் இஞ்சினை அணைத்தார்.